பாதித் தலை

வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்த பெருமாயி, யாரோ பைத்தியக்காரன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். கையிலிருந்த அகப்பையை ஓங்கியும் விட்டாள். அப்புறம்தான் சட்டை தெரிந்தது. போன தீபாவளிக்குக் கோவில்பட்டியில் அவளே பார்த்து எடுத்த நீலக்கட்டம் போட்ட சட்டை. அதற்குள் நின்றது அவள் பெற்ற மகன் இசக்கிராஜா.

தலையில் இடது பக்கம் காதுக்கு மேலே நறுக்கென்று வெட்டி, பிடரியில் மெஷின் போட்டு, பளிச்சென்று இருந்தது. வலது பக்கம் நாலு மாதமாக வளர்ந்த முடி காதை மூடி அப்படியே கிடந்தது. கழுத்திலும் சட்டையிலும் வெட்டின மயிர் ஒட்டியிருந்தது.

"என்னலே இது கோலம்?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பெருமாயி இரண்டு தடவை உலுக்கிய பிறகு ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சலூனு."

அந்த ஒரு வார்த்தை போதும், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்லமுத்தன்பட்டியில் இருக்கிற சலூன் ஒன்றுதான். பஞ்சாயத்துக் கட்டிடத்தில் நடப்பது. அங்கே காலனிக்காரர்களுக்கு முடி வெட்டுவதில்லை. எந்தச் சுவரிலும் எழுதிப் போடாத சட்டம் இது. எழுதிப் போட்டிருந்தாலாவது யாராவது சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கலாம். காலனி ஆண்கள் முடி வெட்டுவதற்கென்றே பஸ் ஏறிக் கோவில்பட்டி போவார்கள். அங்கே போய்க் காசை நீட்டினால் நாற்காலி. எந்தத் தெரு என்று எவனும் கேட்பதில்லை.

அன்றைக்கும் இசக்கிராஜா கோவில்பட்டிக்குத்தான் கிளம்பினான். கழுகுமலையில் பங்குனி உத்திரம். வந்த பஸ்ஸெல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்க, நிற்காமலே போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி நடந்தான். சலூன் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த கடைக்காரன் வன்னியபெருமாள், "வாங்க தம்பி, வெட்டணுமா? உக்காருங்க" என்றான். மூன்று வருஷம் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்த பையன். முழுக்கால்சட்டை, இன் பண்ணின சட்டை, மீசை. சளி ஒழுகத் திரிந்த காலத்தில் பார்த்தவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஊரில் யார் வீட்டுக்கோ உத்திரத்துக்கு வந்த விருந்தாளி என்று நினைத்துவிட்டான்.

இசக்கிராஜா ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் ஏறி உட்கார்ந்தான். அவனாகப் போய்க் கேட்கவில்லை, கூப்பிட்டார்கள், உட்கார்ந்தான். இருபத்திரண்டு நாளில் தூத்துக்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் அவனுக்கு வேலைக்கான நேர்காணல். முகத்தைப் பார்த்து ஆள் எடுக்கிற இடம் என்று கூடப் படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

இடது பக்கம் முடிகிற நேரத்தில் முகச்சவரத்துக்கு மேலவீட்டு சண்முகராஜ் வந்தார். நூறு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரர். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தவர், கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, "தம்பி யாரு மகன்?" என்றார். இந்தச் சீமையில் பேரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் முழுத்தலையோடு வீட்டுக்கு வந்திருப்பான்.

"கடற்கரை மகன்."

"எந்தக் கடற்கரை?"

"காலனி கடற்கரை."

மெஷின் நின்றது. சண்முகராஜ் சத்தம் போடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏலே வன்னியபெருமாளு, இனிமே நாங்க எங்க போயி வெட்டுறது?" என்று மட்டும் கேட்டார். வன்னியபெருமாள் துணியை உருவி எடுத்து, "எந்திரிப்பா, எந்திரி, என் பொழப்பக் கெடுத்துராத" என்று பையனின் தோளைப் பிடித்து இறக்கியே விட்டான்.

மகன் விட்டுவிட்டுச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெருமாயி ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "சரி, நடந்தது நடந்து போச்சு. துண்டத் தலையில கட்டிக்க. சாயங்காலம் கூட்டம் குறைஞ்சிரும், கோவில்பட்டிக்குப் போயி மீதிய வெட்டிட்டு வந்துரு" என்றாள். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். எவ்வளவோ விஷயத்தைத் துண்டால் மூடிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தவர்கள்தானே.

பொழுது சாய்கிற நேரத்தில் புருஷன் கடற்கரை வந்தான். கழுகுமலைத் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிறவன். ஊர்த்தெருவைக் கடக்கும்போது இன்றைக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிற ஆள். யாராவது ஏசினால்கூட "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு வருகிறவன். மகன் தலையைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

"அந்தத் தலைய யாரும் தொடக் கூடாது" என்றான்.

"என்ன சொல்லுதீங்க?"

"ஆரம்பிச்சவன் முடிக்கட்டும். அதே நாற்காலியில."

பெருமாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மகன் தலையைக் கண்டபோது வந்த திகைப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருபத்து நாலு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலையில் அப்பனும் மகனும் போய்ச் சலூனுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. வன்னியபெருமாள் கதவைத் திறந்ததும் கடற்கரை எழுந்து போய், "அண்ணாச்சி, பையனுக்கு மீதிய வெட்டணும்" என்றான்.

"முடியாது கடற்கரை. ஒனக்குத் தெரியாததா?"

"சரி. இருக்கோம்."

அவ்வளவுதான் பேச்சு. வேலைக்குப் போகிற நேரம் வரைக்கும் இருந்தார்கள். மறுநாளும் போனார்கள். அதே கேள்வி, அதே பதில், அதே இருப்பு. ஊரில் சிரித்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கடற்கரை வீட்டுக்கு வந்து, பெருமாயி தீப்பெட்டித் தாள் நறுக்குகிற கத்தரியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இடது பக்கம் மட்டும் வெட்டு."

"ஒமக்கும் கோட்டி பிடிச்சிட்டா?"

"பிள்ளய மட்டும் எல்லாரும் பாக்கான்வ. நானும் இருந்தா பாதி பார்வை எம்மேல விழும்லா."

வெட்டினாள். காதோரம் ஒரு இடத்தில் கத்தரி பட்டு ரத்தம்கூட வந்துவிட்டது. வெட்டி முடித்துப் பார்த்தபோது, தாலி கட்டின புருஷன் முகமே அந்நியமாக இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஏழாவது நாள் வேப்பமரத்தடியில் பதினோரு பாதித் தலைகள். எவனையும் கடற்கரை கூப்பிடவில்லை. அவனவன் வீட்டில் அவனவன் பெண்டாட்டியிடம் கத்தரியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஊரில் சிரிப்பு நின்றது. சிரிப்பு நின்ற மறுநாளே காலனிப் பெண்களுக்குப் பருத்தி எடுக்கிற வேலையும் நின்றது. வண்டி வைத்து அசலூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அடுத்த வீட்டு சங்கரம்மாள் தெருவில் நின்று கத்தினாள். "ஏட்டி பெருமாயி, ஒம் மவன் தலைக்கு எங்க வீட்டு அடுப்பு அணையணுமாட்டி? பெரிய கலெக்டர் தல! ஒரு பக்கம் முடி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

பெருமாயி தலையைக் குனிந்து தாள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். சங்கரம்மாள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. மறுநாள் விடிந்து பார்த்தால் சங்கரம்மாளின் புருஷன் பாதித் தலையோடு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பெருமாயி ஓடிப்போய், "ஏக்கா, யாருக்கா வெட்டுனது?" என்று கேட்டாள்.

"நாந்தான் வெட்டுனேன். பொறவு, அவிய கோணல்மாணலா வெட்டிக்கிடட்டும்னா விடச் சொல்லுத?" என்று சங்கரம்மாள் எரிந்து விழுந்தாள். பெருமாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பகலெல்லாம் தைரியமாகத்தான் இருந்தாள். ஆனால் நாள் போகப் போக நேர்காணல் தேதி அவள் கழுத்தைப் பிடித்தது. பன்னிரண்டு நாள் போய்விட்டது, மிச்சம் பத்து. ஒருநாள் மத்தியானம் இசக்கிராஜா சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தான். வெட்டாத பக்கம் மேலே தெரியப் படுத்திருந்தான். கடற்கரை வேலைக்குப் போயிருந்தான். பெருமாயி கத்தரியை எடுத்துக்கொண்டு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷ வேலை. பிள்ளை தலை சரியாகிவிடும். தூத்துக்குடிக்குப் போவான், வேலை கிடைக்கும், இந்தப் பாழாய்ப்போன ஊரை விட்டே போய்விடலாம். கவுரவமாவது மண்ணாவது!

முடியில் கத்தரி பட்டதுமே அவன் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா, நீ முடிச்சிட்டா அவங்க செஞ்சது ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும்."

"நாள் நெருங்குதுல்லாலே!"

"இப்பிடியே போறேன். என்ன ஏதுன்னு கேட்டா சொல்லுதேன். அதுக்கு மேல அவங்க பாடு."

கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெருமாயிக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க, தான் ஒருத்தி மட்டும் முழுத்தலையை வாரிப் பின்னிக்கொண்டு சோறு பொங்கிப் போடுவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் கடற்கரை கொல்லையிலிருந்து வந்தபோது அவள் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுந்தது. இடுப்பு வரைக்கும் கிடந்த முடியில் இடது பக்கம் முழுக்கக் கழுத்தோடு போயிருந்தது. வலது பக்கம் அவிழ்த்துவிட்டபடி தொங்கியது.

"அடிப்பாவி! என்ன காரியம் செஞ்சிட்ட! நான் உசிரோடதான இருக்கேன்!"

"இருக்கணும்னுதான் சாமி கும்பிட்டுட்டு வெட்டியிருக்கேன். நடங்க" என்றாள். தெருவில் காலை வைத்ததும் அவளுக்கு அம்மணமாக நடக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

ஆண்கள் பாதித் தலையோடு இருந்தபோது பார்த்துப் பழகிவிட்ட ஊர், இதைக் கண்டு ஆடிப்போய்விட்டது. குழாயடியில் நின்ற ஊர்ப் பெண்கள் குடத்தை வைத்தது வைத்தபடி நின்றார்கள். ஒருத்தி, "அய்யய்யோ, குடும்பத்துக்கு ஆகாதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வன்னியபெருமாள் சலூன் கதவைத் திறந்தவன், மரத்தடியைப் பார்த்துவிட்டு, திறந்த கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போனான். மரத்தடியில் அவளுக்குப் பக்கத்தில் சங்கரம்மாள் வந்து உட்கார்ந்தாள். தலை முழுசாகத்தான் இருந்தது. "நான் வெட்ட மாட்டேன், சும்மா இருக்கத்தான் வந்தேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

மறுநாள் கழுகுமலை பஸ்ஸில் போன ஒரு பத்திரிகைக்காரர் இறங்கிப் படம் பிடித்தார். படம் வந்த அன்றைக்கே தாசில்தார் ஜீப் வந்தது. கோவில்பட்டியில் சமாதானக் கூட்டம் என்று இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஊர்த் தரப்பு வரவில்லை. அடுத்த நாள் வந்து காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், பஞ்சாயத்துக் கட்டிடத்தில் பாகுபாடு காட்டினால் வழக்கு என்று சொன்ன பிறகு சண்முகராஜ் கையெழுத்துப் போட்டார்.

இருபதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தாசில்தாரும் நாலு போலீஸ்காரர்களும் நிற்க, இசக்கிராஜா அதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். ஊர்க்காரர்கள் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வன்னியபெருமாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, சீப்பை வைத்து வெட்டத் தொடங்கினான். வேலை சுத்தம். இரண்டு பக்கமும் ஒன்றாகி, பிடரியில் பவுடர் போட்டுத் துணியை உதறியபோது பெருமாயி வாய்விட்டே அழுதுவிட்டாள். அடுத்தடுத்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கும் வெட்டணுமாம்மா?" என்றார் தாசில்தார்.

"எனக்குத் தானா வளந்துரும்யா" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் விடியற்காலையில் அப்பனும் மகனும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார்கள். அன்றைக்குப் பெருமாயிக்குத் தலைகால் புரியவில்லை. கம்மங்கஞ்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். மகன் முழுத்தலையோடு போயிருக்கிறான், ஊர்க் கடையில் வெட்டின தலையோடு. மத்தியானம் பஸ் நிறுத்தத்துப் பக்கம் விறகு பொறுக்கப் போனாள்.

அங்கே புளியமரத்தடியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பாய்ச் சுருட்டு, தகரப்பெட்டி, கோணியில் கட்டின பாத்திரங்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வன்னியபெருமாள். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ராமலட்சுமி, அவள் மடியில் ஐந்து வயசுப் பெண் மாரிச்செல்வி.

"என்ன அண்ணாச்சி, எங்க பொறப்பட்டிய? யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?"

வன்னியபெருமாள் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நேத்தே கடைச் சாவிய வாங்கிட்டாவ. காலனித் தலையத் தொட்ட கத்தி எங்க முகத்துல படக் கூடாதுன்னுட்டாவ. இருந்த வீடும் அவிய எடம். இன்னைக்குப் பொழுது விழுறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாவ. சங்கரன்கோவில்ல மாமனார் வீட்டுக்குப் போறோம்."

பெருமாயி இத்தனை நாளும் அவன் கதவைத் திறப்பானா என்று பார்த்தாளே தவிர, திறந்தால் அவன் கதி என்னவாகும் என்று ஒரு பொழுதும் நினைத்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட சண்முகராஜ் வீட்டில் ஒரு ஓடு அசையவில்லை. கத்தரி பிடித்தவன் சட்டி பானையோடு தெருவில் கிடக்கிறான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னப் பிள்ளையின் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது.

விறகைப் போட்டுவிட்டு ஓடினாள். பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீரைப் பெரிய சொம்பு நிறைய மொண்டு, தம்ளரும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"மொதல்ல தண்ணி குடிங்க அண்ணாச்சி. பிள்ளைக்குக் குடுங்க. பொறவு பேசுவோம்."

வன்னியபெருமாள் சொம்பைப் பார்த்தான். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். "வேண்டாம்மா. தாகமில்ல" என்றான். ராமலட்சுமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையை மட்டும் மடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெருமாயிக்கு உச்சந்தலை வரைக்கும் விறுவிறுவென்று ஏறியது. மகன் பாதித் தலையோடு வந்து நின்றபோதும், புருஷன் கத்தரியைக் கையில் கொடுத்தபோதும்கூட அவள் இப்படி அதிர்ந்து போகவில்லை. காலனிக்காரர்கள் தலையைத் தொட்டதற்காக வீட்டை இழந்து நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்காதாம். சொம்போடு அவன் தலையில் கவிழ்த்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். கையும் சற்று உயர்ந்தது.

அப்புறம் சொம்பை அவனுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். தம்ளரில் தண்ணீரை ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். பாதி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அவனுக்கு நேர் எதிரே புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போங்க."

"நீங்க குடிங்க, போறேன்."

"நாந்தான் தாகமில்லன்னு சொல்லுதேன்லா."

"சரி அண்ணாச்சி. இருக்கேன்" என்றாள்.

சங்கரன்கோவில் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் கிடந்தது.